குதிரை நின்ற இடம்

1976 செப்டம்பர் 9, வியாழன்.

இன்றைய பிழை: ஆற்றுப் பக்கத்தை அளக்காமலே, அளந்ததுபோல மையில் கோடு போட்டுவிட்டேன். புதர் கழுத்தளவு நின்றது, உள்ளே போகப் பயம். கண்ணால் பார்த்துப் போட்ட கோடு அது. யாருக்கும் தெரியாது என்பதால் அது சரியாகிவிடாது.

நாளை: விடிந்ததும் சந்திரிகாவைக் கூட்டிப் போய் ஆற்றுப் பக்கத்தை அளப்பது.

எழுதியதை இரண்டு முறை படித்துப் பார்த்து, நாட்குறிப்பை மூடினாள் ஞானேஸ்வரி. பகலில் கண்டி நகரத்தில் செல்லப்பா முதலாளியின் இரும்புக் கடையில் பில் எழுதுகிறவள் அவள். மாலையில் வரைபட வகுப்புக்குப் போகிறாள். வகுப்பு நிறைய ஆண்கள். மற்றவர்கள் ஒரு கோட்டை ஒரே இழுப்பில் போட்டுவிட்டு எழுந்து போய் பிளேன்டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, இவள் அதே கோட்டுக்கு மூன்று தடவை அளவுகோலை வைத்து எடுத்துக்கொண்டிருப்பாள். வகுப்பு மாஸ்டர் முதல் நாளே ஒரு விதி சொல்லியிருந்தார். காதால் கேட்டதைப் பென்சிலில் போடு, கையால் அளந்ததை மட்டும் மையில் போடு. அதைத்தான் அவள் மீறியிருந்தாள்.

அதுவும் சாதாரண வரைபடத்தில் அல்ல. ரேஸ் திடலின் வரைபடத்தில்.

வத்தேகம பஸ் போகிற பாதையோரம், மகாவலி ஆற்றை ஒட்டிப் பரந்து கிடக்கும் அந்தத் தட்டை நிலத்தை இன்னமும் எல்லோரும் ரேஸ் திடல் என்றுதான் சொல்கிறார்கள். ரேஸ் நின்று இருபது வருஷம் ஆகிறது. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் ஆரம்பித்தது, சுதந்திரம் கிடைத்த பிறகும் சில வருஷம் ஓடியது. குதிரைகள் கொழும்பிலிருந்து ரயிலில் வரும். குதிரைக்காரர்கள் அவற்றை ஸ்டேஷனிலிருந்து கையில் பிடித்து நடத்தியே கூட்டிவருவார்கள். தார் சூடேறினால் குளம்புக்கு ஆகாது என்பதால் வெயில் ஏறுமுன் வந்து சேர்ந்துவிடவேண்டும். பிறகு ரேஸ் நின்றுபோயிற்று. பார்வையாளர் உட்காரும் ஸ்டாண்டின் மரச்சாமான்களை ஏலத்தில் எடுத்தவர்கள் லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஓடுபாதை ஓரத்து வேலியை யார் யாரோ விறகுக்குக் கொண்டுபோனார்கள். பாதை மேலே புல் மூடியது. மிஞ்சியது குதிரைக் கொட்டில் மட்டும். அதில் குதிரைக்காரர் குடும்பங்கள் குடியேறின. பிள்ளைகள் பெருகப் பெருக, கொட்டிலுக்கு முன்னால் இன்னொரு வரிசை வீடுகள் எழும்பின. அந்த முன் வரிசையில் பதினொரு வீடு. கடைசி வீடு ஞானேஸ்வரியுடையது. அதற்கு முந்தியது வீரய்யாவுடையது.

இப்போது மாநகர சபைக்குத் திடல் வேண்டும், பஸ் நிறுத்துமிடம் கட்டுவதற்கு. சபை சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. குதிரை ஓடிய பாதை முழுக்கச் சபைக்கு, குதிரையைக் கட்டிவைத்த கொட்டிலும் முற்றமும் குடியிருப்பவர்களுக்கு. ஆனால் ஓடுபாதை எது, முற்றம் எது என்று காட்டப் பழைய வரைபடம் எதுவும் யாரிடமும் இல்லை. சபையிலிருந்து அளக்க வருகிற அதிகாரி, எல்லோரும் மஹத்தயா என்று கூப்பிடுகிறவர், நீங்களே ஒன்று வரைந்து வையுங்கள், திங்கட்கிழமை வந்து நிலத்தோடு வைத்துச் சரிபார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். குடியிருப்போர் சங்கத் தலைவர் வீரய்யா அந்த வேலையை ஞானேஸ்வரி தலையில் கட்டினார். வரைபடத்தோடு இணைக்க, திடலின் வரலாற்றை இரண்டு பக்கத்தில் எழுதவும் சொன்னார். சங்கத்திலே படம் வரையத் தெரிந்தது அவள் ஒருத்திதான்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் சந்திரிகா வந்தாள். நாலாவது வீட்டுக்காரி, தேயிலைக் கடையில் பொட்டலம் கட்டுகிறவள்.

"ஒன்னோட படத்துக்கு என் பாவாடைய பலி குடுக்கணுமா?" என்று கேட்டுக்கொண்டே அளவு நாடாவின் நுனியை இடுப்பில் சொருகிக்கொண்டு புதருக்குள் இறங்கினாள்.

ஆற்றோரம் ஒரு பெரிய மாரா மரம் நின்றது. குடை மாதிரி விரிந்த மரம். அதன் அடியில்தான் வெற்றிக் கம்பம் இருந்தது என்று திடலில் எல்லோரும் சொன்னார்கள். அத்தனை பேரும் ஒரே இடத்தைக் காட்டியதால் அதையும் ஞானேஸ்வரி மையிலேயே போட்டிருந்தாள். மரத்திலிருந்து ஆற்றங்கரை வரை நாடாவைப் பிடித்தார்கள். அவள் கண்ணால் போட்ட தூரத்தில் பாதிகூட இல்லை. தப்பாகப் பிடித்துவிட்டோமோ என்று மறுபடி பிடித்தாள். அதே அளவு. கரையை ஆறு தின்றிருக்குமோ என்று எட்டிப் பார்த்தாள். கரை முழுக்கக் கரும்பாறை. அதை ஆறு தின்ன இன்னும் ஆயிரம் வருஷம் ஆகும்.

மரத்துக்கும் வீடுகளுக்கும் நடுவே நின்று சுற்றிப் பார்த்தபோதுதான் அவளுக்கு அது பட்டது. மரத்துக்கும் கரைக்கும் நடுவே ஓடுபாதை போக இடமே இல்லை. ஸ்டாண்டு இருந்தது ரோட்டுப் பக்கம். அங்கிருந்து மரத்தடிக் கம்பம் வரை ஓடுபாதை நேராக வந்திருந்தால், அது முன் வரிசை வீடுகள் பதினொன்றின் மேலேயும்தான் வந்திருக்கவேண்டும். வெற்றிக் கம்பம் எங்கள் வாசலில்தான் இருந்தது என்று எல்லோரும் பெருமையாகச் சொன்னார்களே, அந்தப் பெருமையே வீட்டை எடுத்துச் சபையின் கையில் கொடுத்துவிடும். சங்கத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டு, சபைக்கு இன்னும் கொடுக்காமல் வைத்திருந்த மனுவிலும் கம்பம் மரத்தடியில் என்றுதான் இருந்தது.

சந்திரிகாவிடம் அதைச் சொன்னாள். சந்திரிகா சிரிப்பை நிறுத்திவிட்டு நாடாவைச் சுருட்டினாள்.

கடைக்குப் போக ரோட்டோரம் பஸ்ஸுக்கு நின்றார்கள். வத்தேகமயிலிருந்து வந்த பஸ் வழக்கம்போல அவர்கள் நின்ற ஹோல்ட்டில் நிற்காமல், பிரேக் கிறீச்சிட, வெகுதூரம் தள்ளிப் போய் நின்றது. ஜனம் பின்னால் ஓடியது. ஞானேஸ்வரியும் குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடினாள். ஓடிக்கொண்டிருக்கும்போதே அவள் கால் தயங்கியது.

பிரேக் இருக்கிற பஸ்ஸே இவ்வளவு தூரம் போய் நிற்கிறது. முழு வேகத்தில் வருகிற குதிரை, கம்பத்தைத் தாண்டியதும் எங்கே போய் நிற்கும்? மரத்தடியில் கம்பம் என்றால், ஒவ்வொரு ரேஸிலும் ஜெயித்த குதிரை ஜாக்கியோடு சேர்த்து மகாவலியில் அல்லவா விழுந்திருக்கவேண்டும்?

அன்றைக்குக் கடையில் ஆணி கேட்டவருக்குப் பூட்டுக்குப் பில் எழுதிக் கொடுத்தாள். செல்லப்பா முதலாளி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

சாயந்திரம் வகுப்புக்குப் போகாமல் நேரே வீட்டுக்கு வந்தாள். வரலாறு எழுதுவதற்காக ஒவ்வொரு வீட்டிலும் கேட்டு வைத்திருந்த கதைகளை மனதில் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். குதிரையின் முதுகு கொதித்தது என்றார்கள். வாயில் நுரை தள்ளியது, கம்பளி போர்த்தி மரத்தைச் சுற்றி நடத்தினோம் என்றார்கள். எது முதலில் வந்தது, எத்தனை அடி வித்தியாசம், மணி எப்போது அடித்தது என்று ஒருவர் கூடச் சொல்லவில்லை. அவள் அப்பா செல்லச்சாமியும் வாலிபத்தில் குதிரைக்காரராக இருந்தவர். அவர் இறந்து நாலு வருஷம். அம்மா பரிமளம் குசினியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். அப்பா ரேஸ் கதையை எங்கேயிருந்து ஆரம்பிப்பார் என்று அவளிடம் கேட்டாள்.

"எப்பப் பாத்தாலும், கடிவாளத்த எட்டிப் புடிச்சேன்னுதான் ஆரம்பிப்பாரு," என்றாள் அம்மா. "அதுக்கு முந்தி நடந்தது அவருக்கு எங்க தெரியும்? இவங்கள ஸ்டாண்டுப் பக்கம் விட்டாத்தானே. மரத்தடியில வரிசையா நிக்கணும், குதிரை வந்து நின்னதும் புடிக்கணும். அதான் வேல."

ஞானேஸ்வரி கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். அவர்களுக்கு ரேஸ் முடிந்தது குதிரை நின்ற இடத்தில். கம்பம் அவர்கள் கண்ணுக்கே எட்டாத இடத்தில் இருந்திருக்கிறது.

கொஞ்ச நேரம் சந்தோஷமாக இருந்தது. பிறகு வழக்கமான சந்தேகம் வந்து உட்கார்ந்துகொண்டது. கம்பத்தை மரத்தடியிலிருந்து நகர்த்தினால் பதினொரு வீடு தப்புகிறது, அதில் அவளுடைய வீடும் ஒன்று. தனக்கு வேண்டிய விடை வந்ததும் அதுதான் சரி என்று பிடித்துக்கொள்கிறாளோ? பஸ் நின்ற தூரத்தை வைத்து மஹத்தயாவிடம் வாதாட முடியுமா? அன்றைய குறிப்பில் பிழை என்ற இடத்தில், எல்லோரும் சொன்னதை அளந்ததாக எடுத்துக்கொண்டேன் என்று எழுதினாள். அதற்குக் கீழே, நான் இப்போது நம்புவதும் இன்னும் பென்சில்தான் என்று எழுதினாள்.

பிறகு புதுத் தாளை விரித்தாள். கரும்பாறைக் கரை நகராது, கொட்டில் நகராது. இந்த இரண்டை மட்டும் மையில் போட்டாள். குதிரை ஆற்றில் விழாமல் திரும்பவேண்டுமானால், ஓடுபாதை கரைக்கு இந்தப் பக்கமே வளைந்திருக்கவேண்டும். அந்த வளைவைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டே வந்து, நேர்ப்பாதையில் கம்பம் ரோட்டுப் பக்கம் எங்கே நின்றிருக்கலாம் என்று கவராயத்தால் பார்த்தாள். ஓரிடத்தில் மெல்லிய பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாள். அதை யாருக்கும் காட்டவில்லை.

சனிக்கிழமை கடை அரை நாள். மத்தியானம் சந்திரிகாவோடு லாபிர் நானாவின் தேத்தண்ணிக் கடைக்குப் போனாள். ரோட்டோரம், பழைய ஸ்டாண்டு இருந்த இடத்துக்குப் பக்கத்தில் உள்ள கடை. ரேஸ் காலத்தில் லாபிர் நானாவின் வாப்பா ஸ்டாண்டுக்குள் கடலை விற்கிற உரிமை வாங்கியிருந்தார் என்று ஊரில் பேச்சு. ஆனால் திடல்காரர்கள் யாரும் அவரிடம் ரேஸைப் பற்றிக் கேட்டதில்லை. ரேஸ் அவர்களுடையது என்று அவர்களுக்கு நினைப்பு. அவருடையது என்று அவருக்கு நினைப்பு.

ஞானேஸ்வரி மரத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. வெற்றிக் கம்பம் எங்கே இருந்தது என்று மட்டும் கேட்டாள்.

"அத இப்பதான் கேக்க வந்தீங்களா?" என்றார் லாபிர் நானா, கோப்பையைக் கழுவிக்கொண்டே. "உங்கட ஆக்கள் எல்லாருக்கும் மரத்தடியில கம்பம். நானும் கேட்டுட்டுத்தான் இரிக்கேன். மரத்தடியில கம்பம் எண்டா, காசு கட்டி உள்ளுக்கு வந்தவன் ஸ்டாண்டில குந்திக்கொண்டு என்னத்தப் பாக்கிற? குதிரட வாலயா?"

சந்திரிகா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். கடைக்குப் பின்னாலிருந்த திடல் புல்வெளியில் முன்னும் பின்னும் நடந்தார். ஒரு வேப்ப மரத்தைத் தேடினார், அது வெட்டப்பட்டு வெகுகாலம். இங்கேயோ, கொஞ்சம் அங்கேயோ என்று தடுமாறினார். கடைசியில் ஓர் ஆடு கட்டியிருந்த முளைக்குப் பக்கத்தில் நின்று, "இந்த அண்டையிலதான். இதுக்கு மேல என்னால சத்தியம் பண்ண ஏலாது புள்ள," என்றார்.

ஞானேஸ்வரி அப்போதுதான் தாளை எடுத்துப் பார்த்தாள். அவள் வைத்த புள்ளி ஆட்டு முளைக்கு ரோட்டுப் பக்கமாகக் கொஞ்சம் தள்ளியிருந்தது. கிட்டத்தட்ட அதே இடம். ஆனாலும் இரண்டும் பென்சில்தான், அவள் மதிப்பீடும் அவர் ஞாபகமும். தோண்டிப் பார்க்கவேண்டும் என்றாள்.

மண்வெட்டி லாபிர் நானா கடையிலேயே இருந்தது. ஆட்டை அவிழ்த்து வேறிடத்தில் கட்டினார்கள். அவள் புள்ளியில் தோண்டினார்கள், மண்தான் வந்தது. முளையடியில் தோண்டினார்கள், அங்கேயும் மண். போகலாம் என்றாள் சந்திரிகா, உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. ஞானேஸ்வரி போகவில்லை. இரண்டு குழிகளுக்கும் நடுவே கோடு கிழித்து, அந்தக் கோட்டின் மேலேயே அங்குலம் அங்குலமாக வெட்டிக்கொண்டு போனாள். வெயில் சாய்ந்தது. கடைக்கு வந்தவர்கள் கோப்பையோடு வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள், புதையலா என்று கேட்டார்கள். ஓரிடத்தில் மண்வெட்டி ணங்கென்று கை அதிரத் திரும்பியது.

சீமெந்துக் கட்டி. அதன் நடுவில், அறுத்து எடுத்த இரும்புக் கம்பத்தின் அடித்துண்டு, துருவேறி மண்ணோடு மண்ணாக.

லாபிர் நானா குனிந்து அதை விரலால் தடவிப் பார்த்தார். கடைக்குள் போய் மூன்று தேத்தண்ணி கொண்டுவந்தார்.

ஞானேஸ்வரி குடிக்கவில்லை. கட்டியிலிருந்து ஸ்டாண்டு அடித்தளக் கல் வரை, கட்டியிலிருந்து கொட்டில் மூலை வரை, கரை வரை என்று வெளிச்சம் இருக்கும்போதே எல்லாவற்றையும் நாடா பிடித்து அளந்தாள். வீட்டுக்கு வந்து மேசையில் தாளை விரித்தாள். இப்போது கம்பத்தை மையில் போடலாம். அங்கேயிருந்து நேர்ப்பாதை கொஞ்ச தூரம் போய் ஆற்றுக்கு முன்னால் வளைகிறது. வேகம் குறைந்த குதிரைகள் வளைவில் வெளிப்பக்கமாகப் பிரிந்து மரத்தடி முற்றத்துக்கு வருகின்றன. முன் வரிசை வீடுகள் அந்த முற்றத்தில் நிற்கின்றன. ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே வந்தாள். ஒன்பது வீடு முழுதாகப் பாதைக்கு வெளியே.

பத்தாவதிலும் பதினொன்றாவதிலும் பேனா நின்றது. வீடுகள் வெளியேதான். ஆனால் இரண்டு வீட்டுக்கும் பின்னால் ஒட்டி இழுத்துக் கட்டிய குசினிகள் இருந்தன. அவற்றை வளைவின் ஓரக்கோடு வெட்டிக்கொண்டு போனது. வீரய்யாவின் குசினியும், அவளுடையதும். மறுபடி கணக்குப் பார்த்தாள். இந்தத் தடவை விடை மாறவேண்டும் என்று ஆசையாக இருந்தது. மாறவில்லை.

விளக்கு வைத்த பிறகு, லாந்தரோடு சங்கத்தார் மரத்தடியில் கூடினார்கள். ஞானேஸ்வரி கம்பம் கிடைத்ததைச் சொன்னாள், தாளைக் காட்டினாள். முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் முன் வரிசைப் பெண்கள் பெருமூச்சு விட்டார்கள். வீரய்யாவுக்கு மட்டும் முகம் கறுத்தது. மாநகர சபையில் ரோட்டு வேலை பார்க்கிற மனிதர் அவர். அவருடைய அப்பா கடைசி ரேஸில் ஜெயித்த குதிரையின் குதிரைக்காரர்.

"அப்ப எங்கப்பா பொய்யா சொன்னாரு?" என்றார்.

"இல்ல மாமா. அவரு நின்ன எடத்துலருந்து சொன்னாரு," என்றாள் ஞானேஸ்வரி. "கம்பத்த தாண்டுறத ஸ்டாண்டுல இருந்தவங்க பாத்தாங்க. குதிர நின்னத நம்ம ஆளுங்கதான் பாத்தாங்க. அவங்களுக்கு அதான் முடிவு. வரலாத்துல நான் அப்படித்தான் எழுதப்போறேன்."

வீரய்யா மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாளைக் கையில் வாங்கினார். படம் பார்க்கத் தெரியாவிட்டாலும், தன் வீடு எது என்று அவருக்கு உடனே தெரிந்தது. குசினியை வெட்டிக்கொண்டு போகிற கோட்டின் மேல் விரலை வைத்தார்.

"இந்தக் கோட்ட கொஞ்சம் அந்தப் பக்கமா தள்ளிப் போட்டா என்னம்மா? ஒரு நகத்தளவு. யாரு பாக்கப் போறா? ஒங்க குசினியும்தானே இருக்கு."

பரிமளமும் மகள் முகத்தைப் பார்த்தாள். பத்தாவது வீட்டையும் பதினொன்றாவது வீட்டையும் கணக்கில் எடுத்தால், ஒரு நகத்தளவு என்பது இரண்டு அடுப்பு. யாருக்குத் தெரியப் போகிறது என்று அந்த நேரத்திலும் ஞானேஸ்வரிக்கு ஒரு எண்ணம் வந்து போனது. அந்த எண்ணத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆற்றுப் பக்கத்தைக் கண்ணால் போட்டபோது வந்த அதே எண்ணம்.

"மஹத்தயா நாடாவோட வராரு மாமா," என்றாள். "மொதல்ல அவரு இந்தக் கோட்டத்தான் புடிச்சுப் பாப்பாரு. ஏன்னா நமக்கு ஆதாயம் இருக்கிற எடம் இதுதான். இது ஒரு நகம் தள்ளியிருந்தா, கம்பத்தையும் நம்ப மாட்டாரு. அப்பறம் பதினொரு வீடும் போகும். நான் தள்ள மாட்டேன்."

"தள்ளலைன்னா நம்ம ரெண்டு பேருக்கும் சோறு எங்கம்மா ஆக்குறது?"

"பாதையில நிக்கிறத நாமளே எடுத்துட்டா, அவரு வரும்போது பாதையில எதுவும் இருக்காது. ஞாயித்துக்கெழம ஒரு முழு நாள் இருக்கு. வீட்டு முன்பக்கம் சார்ப்பு எறக்கி அடுப்ப வச்சிக்கலாம். முன்பக்கம் கொட்டில் முற்றம். அது நமக்கு."

பரிமளம்தான் முதலில் எழுந்தாள். அந்தக் குசினித் தகரத்தில் செல்லச்சாமி அடித்த ஆணி ஒவ்வொன்றும் வளைந்துதான் போயிருக்கிறது, கழற்றப் போகிறவர்கள் படாத பாடு படவேண்டும் என்றாள். எங்கே கடப்பாரை இருக்கிறது என்று சந்திரிகா கேட்டாள். வீரய்யா தாளை மடிக்காமல், இரண்டு கையாலும் பிடித்து, ஞானேஸ்வரியிடம் திருப்பிக் கொடுத்தார். தன்னுடையதைத்தான் முதலில் கழற்றவேண்டும், தலைவர் வீடு அதுதானே என்றார். பரிமளம் ஒத்துக்கொள்ளவில்லை. வரைந்தவள் வீடுதான் முதலில் என்றாள். அதைப் பற்றிக் கொஞ்ச நேரம் வாக்குவாதம் நடந்தது. பரிமளமே ஜெயித்தாள்.

வீட்டுக்கு வந்து ஞானேஸ்வரி நாட்குறிப்பை எடுத்தாள்.

1976 செப்டம்பர் 11, சனி.

இன்றைய பிழை: முதல் குழியைப் புள்ளியின் மேல் சரியாகத் தோண்டவில்லை, அவசரத்தில் காலடிக் கணக்கில் மதிப்பிட்டேன். வேறு பிழை இருக்கலாம், எனக்கு இன்னும் தெரியவில்லை.

நாளை: காலை ஆறு மணிக்கு எங்கள் குசினியின் கூரைத் தகரத்தைக் கழற்றுவது. அது முடிந்ததும் வீரய்யா மாமாவுடையது. அடுப்புக் கல்லை உடையாமல் எடுத்து வீட்டு முன்பக்கம் வைப்பது. பொழுது சாயுமுன் பாதையைக் கூட்டிச் சுத்தம் செய்துவிட்டு, மறுபடி ஒருமுறை அளப்பது.